பிஸ்கட் டின்னில் பதினேழு அட்டை!

என் அப்பா ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு வாஷர் கணக்கில் உதைத்தால்கூட மனிதருக்கு ராத்திரி தூக்கம் வராது. எந்த ரேக்கில் எத்தனை நட்டு, எத்தனை போல்ட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு 'பின் கார்டு'. வந்தது, போனது, மிச்சம். அவ்வளவுதான் உலகம்.

நான் பி.காம். தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் நாலு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிவிட்டு (சிரிக்காதீர்கள், இந்த ஜோக்கை 2017-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்) மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதுகிற ஆசாமி.

ஆக, ஒரு ஸ்டோர் கீப்பரும் ஒரு கணக்குப்பிள்ளையும் குடியிருக்கும் வீடு. அந்த வீட்டில்தான் போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு, அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "லாரி வந்துடுச்சா? சலான் எங்கடா?" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்லாமல், ஃபேக்டரியில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஹெல்ப்பர் பெயரைச் சொல்கிறார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை பக்கவாதம். சேலையூர் கேம்ப் ரோட்டில் அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்குமா என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நல்ல வேளை, எங்கள் வீட்டுக்குக் கீழ் போர்ஷனில் ஓர் அக்கா. நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். சத்தம் கேட்டு மேலே வந்தவர், அப்பாவின் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று வேர்வை.

"ராத்திரி என்ன சாப்பிட்டார்?"

"வயிறு சரியில்லைன்னு வெறும் மோர்தான்" என்றாள் அம்மா.

"மாத்திரை?"

"அதெல்லாம் கரெக்டா போட்டுட்டாரு!" இதைச் சொல்லும்போது அம்மா குரலில் ஒரு பெருமை இருந்தது.

அக்கா தன் வீட்டு மெஷினை எடுத்து வந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து மணி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் சர்க்கரை ஏறுவதைப் பற்றி மட்டும்தான் பேசுவோம். இறங்கும் என்று யாருமே நினைத்ததில்லை. "முழிச்சிருக்காரு, விழுங்கறாரு. சீக்கிரம் சர்க்கரைத் தண்ணி கொண்டாங்க. இதுவே மயக்கமா இருந்தா வாயில ஒரு சொட்டுகூட ஊத்தக்கூடாது, புரை ஏறிடும், நேரா 108-தான்" என்று சொல்லிக்கொண்டே மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் மறுபடி குத்திப் பார்த்தார். கொஞ்சம் ஏறியிருந்தது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏண்டா சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே?"

அப்பா திரும்பி வந்துவிட்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அக்கா விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்றார். அங்கே டியூட்டியில் இருந்த டாக்டரம்மாவும் அதையே சொன்னார். சர்க்கரை மாத்திரைகளில் சில ஒரு நாள் முழுக்க உடம்பில் வேலை செய்யும். இப்போது சர்க்கரைத் தண்ணீரில் ஏற்றிவிட்டாலும், ரெண்டு மணி நேரம் கழித்து மாத்திரை மறுபடி கீழே இழுக்கும். அதனால் ஒரு நாள் பெட்டில் வைத்து, அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும்.

"வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, ஐயா?" என்றார்.

அப்பா கம்பீரமாக ஆரம்பித்தார். "காலையில ரோஸ் கலர் சின்னது ஒண்ணு, நீட்டா வெள்ளை ஒண்ணு. அப்புறம் அந்த மஞ்சள்... மத்தியானம் ஒரு கேப்சூல், பாதி சிவப்பு பாதி..."

முப்பத்திரண்டு வருஷம் ஒவ்வொரு நட்டுக்கும் பார்ட் நம்பர் சொன்ன மனிதர்!

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "வீட்டுல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. போடறது, போடாதது, ஆயில்மென்ட், பொடி, லேகியம், எல்லாம். ஒண்ணு விடாம" என்றார்.

எங்கள் வீட்டு மருந்து கோடவுன் ஒரு பழைய வட்ட பிஸ்கட் டின். உள்ளே கையை விட்டேன். பதினேழு அட்டை. சிலதில் ஒரே ஒரு மாத்திரை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சில அட்டைகளைக் கத்தரித்து வாங்கியதில் பெயர் பாதி, எக்ஸ்பயரி தேதி இருந்த மூலை கடையோடு போய்விட்டது. மூன்று காகிதக் கவர்களில் பெயரே இல்லாத உதிரி மாத்திரைகள். கவர் மேல் பால்பாயிண்ட் பேனாவில் '1-0-1' என்று மட்டும் இருந்தது. எது 1, எது 0, எதற்காக... கடவுளுக்கே வெளிச்சம். அடியில் ஒரு பாலிதீன் பையில் பச்சைப் பொடி.

டாக்டரம்மா எல்லாவற்றையும் டேபிள் மேல் கொட்டி, சீட்டு பிரிக்கிற மாதிரி பிரித்தார். இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று தாம்பரத்தில் ஒரு சர்க்கரை டாக்டர் எழுதியது. இன்னொன்று, மூன்று மாதம் முன்பு அப்பா குரோம்பேட்டையில் வேறொரு டாக்டரிடம் தலைசுற்றலுக்குப் போனபோது, "சர்க்கரை கொஞ்சம் கூட இருக்கே" என்று அவர் எழுதிக் கொடுத்தது. பெயர் வேறு, கம்பெனி வேறு, கலர் வேறு.

"கீழே பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு, படிங்க."

படித்தேன். ஒன்றில் கிளிமிபிரைடு. இன்னொன்றில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்த்து. அதாவது அப்பா மூன்று மாதமாக ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டபுள் என்ட்ரி! அன்றைக்கு ராத்திரி சாப்பாடும் இல்லை. உள்ளே வரவு கிடையாது, பற்று மட்டும் ரெண்டு பங்கு.

அந்த டாக்டருக்கு இந்த டாக்டர் எழுதியது தெரியாது. இரண்டு பேருமே தப்பாக எழுதவில்லை, தங்களுக்குத் தெரிந்த வரை சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டினால் புது டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று அப்பா காட்டவில்லை. இது அப்பாக்களின் தேசிய குணம்.

ஆனால், இரண்டு அட்டையையும் ஒன்றாகப் பார்த்த ஓர் ஆள் இருக்கிறான். மாதா மாதம் அவற்றை வாங்கிக் கொடுத்தவன். அடியேன்தான்.

மருந்துக்கடை பில்லை நான் வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். எதற்கு? பதினைந்து பர்சென்ட் டிஸ்கவுண்ட்டை ஒழுங்காகக் கழித்திருக்கிறானா என்று! ஒரு தடவை பதினோரு ரூபாய் கூடப் போட்டுவிட்டான் என்று கடைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன். ரேட் பார்த்தேன், வரி பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். என்ன மருந்து என்று பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அதை நினைத்தபோது வந்த அவமானம் இருக்கிறதே... சரி, விடுங்கள்.

நீங்களும் என்னைப் போலத்தான் செய்துகொண்டிருப்பீர்கள் என்று ஒரு சந்தேகம். ஆபீஸ் விட்டு பீச்சிலிருந்தோ கிண்டியிலிருந்தோ எலெக்ட்ரிக் டிரெயினில் தொங்கிக்கொண்டு வந்து, தாம்பரத்தில் இறங்கி, மாத்திரைப் பார்சலை அப்பா கையில் திணித்துவிட்டால் மகன் கடமை முடிந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இப்படித்தான்.

டாக்டரம்மா அன்று மாலை ரவுண்ட்ஸில் வந்தபோது கொஞ்சம் விலாவாரியாகச் சொன்னார். எழுபது வயது உடம்பு நாற்பது வயது உடம்பு இல்லை. கிட்னி வடிகட்டும் வேகம் வயதோடு குறைகிறது. மருந்து வெளியேற நேரமாகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்து கொழுப்பு விகிதம் கூடுவதால், தூக்க மாத்திரை போன்றவை உள்ளேயே தங்கி, மறுநாள் காலையிலும் தள்ளாட வைக்கின்றன. உங்களுக்கும் எனக்கும் சளிக்குப் போடுகிற மாத்திரை கொஞ்சம் தூக்கம்தான் தரும். ப்ராஸ்டேட் வீங்கிய ஒரு தாத்தாவுக்கு அதே மாத்திரை சிறுநீரையே அடைத்துவிடலாம். சிட்லப்பாக்கத்தில் எங்கள் உறவுக்கார மாமா ஒருவர் இப்படித்தான் ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டுவிட்டு, டியூப் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார். ஜலதோஷம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்பாவின் குவியலில் அடுத்து மாட்டியது கால் வலி 'செட்'. உங்களுக்கும் தெரிந்திருக்கும். மருந்துக்கடைக்குப் போய், "முட்டி வலிக்குதுப்பா, ஒரு செட் குடு" என்றால் மூன்று கலரில் மாத்திரை போட்டுக் கொடுப்பார்கள். சீட்டு வேண்டாம், பெயர் வேண்டாம். அதில் ஒன்று வலி மாத்திரை. அந்த ஜாதி மாத்திரைகள் பலவும் பிரஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைப் பதம் பார்க்கும். ஏற்கெனவே சில வகைப் பிரஷர் மாத்திரையும், சிறுநீர் போகிற மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இது மூன்றாவதாகச் சேர்ந்தால் கிட்னிக்கு மூன்று பக்கமும் அடி.

இங்கேதான் எனக்குக் கணக்கு வாசனை அடித்தது. கேளுங்கள்.

அப்பாவுக்குப் பிரஷருக்கு அம்லோடிபின் என்று ஒரு மாத்திரை. நல்ல மாத்திரைதான், ஊரே சாப்பிடுகிறது. ஆனால் சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். அப்பாவுக்கும் வீங்கியது. வீக்கத்தைக் காட்ட ஒரு டாக்டரிடம் போனார். நீர் மாத்திரை கொடுத்தார். நீர் மாத்திரையால் ராத்திரி நாலு தரம் பாத்ரூம். தூக்கம் போயிற்று. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் பாத்ரூம் போனதில் போன தையில் ஒரு தடவை விழுந்தார். விழுந்த வலிக்கு 'செட்'. செட்டால் வயிற்றெரிச்சல். அதற்குக் கேஸ் மாத்திரை!

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. முதல் நாள் ஒரு என்ட்ரி சரியாக உட்காரவில்லை என்றால், அதைத் தேடாமல் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளுவது. அப்புறம் அதை மூட இன்னொரு என்ட்ரி, அதை மூட இன்னொன்று. வருஷக் கடைசியில் பார்த்தால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான் கம்பெனியிலேயே பெரிய அக்கவுண்ட்டாக இருக்கும்.

பச்சைப் பொடி விஷயம் கடைசியாக வெளியே வந்தது. ஸ்டேஷன் பக்கம் பிளாட்பாரத்தில் வாங்கிய சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றே அதற்கு இன்னொரு பெயர். அதுவும் சர்க்கரையைக் குறைக்கக் கூடியதுதான். மூன்றாவது ஆள்! நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் எங்கள் தாம்பரம் சானடோரியத்தில்தான் இருக்கிறது. சித்தா டாக்டரிடம் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் இங்கிலீஷ் டாக்டரிடம் சித்தாவைச் சொல்வதில்லை, சித்தா டாக்டரிடம் இங்கிலீஷ் மாத்திரையைச் சொல்வதில்லை. இரண்டு சம்பந்திகளைச் சந்திக்க விடாமல் கல்யாணம் நடத்துகிற மாதிரி.

சானடோரியம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தினம் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறோம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்காக அந்த சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அன்று காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். மருந்துகள் 1940-களில்தான் வர ஆரம்பித்தன. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பித்து, ஒரு கேள்வி கேட்டார்கள். நோயாளி சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா? ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது என்று பதில் வந்தது. உலகமே அதைப் பார்த்து வழியை மாற்றிக்கொண்டது. ஆனால் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் டப்பாவில் மிச்சம் இருக்கிற மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள்! வீட்டில் மாத்திரை சாப்பிடுவது சரியாக நடக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காசநோய்க்கு அதிலிருந்துதான் ஆள் முன்னால் மாத்திரை விழுங்க வைக்கிற முறை வளர்ந்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. எண்ணிப் பார்க்கிற ஆள் வரவில்லை.

முதியோருக்குத் தனி வைத்தியம் என்பதும் நம்ம ஊரில்தான் ஆரம்பித்தது. டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே வெளிநோயாளிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்கிற டாக்டர் 1991-ல் ஒரு பட்டியல் போட்டார். வயதானவர்களுக்குக் கூடுமானவரை கொடுக்காமல் தவிர்க்க வேண்டிய மருந்துகள். இன்றைக்கும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். தூக்க மாத்திரைகள், சிலவகைச் சளி மாத்திரைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அப்பா சாப்பிட்ட கிளிமிபிரைடு ஜாதியையும், வேறு வழி இருந்தால் அதைப் பாருங்கள் என்று சேர்த்திருக்கிறார்கள். பிஸ்கட் டின்னில் அந்தப் பட்டியல்காரர்கள் மூன்று பேர் குடியிருந்தார்கள்.

இதையெல்லாம் கேட்டதும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அப்படின்னா எல்லாத்தையும் இப்பவே தூக்கிக் குப்பையில போட்டுடறேன் மேடம்!"

"அதை மட்டும் செஞ்சுடாதீங்க" என்றார் டாக்டரம்மா. சில மாத்திரைகளை நினைத்தாற்போல நிறுத்தினால் அதுவே ஆபத்து. சில பிரஷர் மாத்திரைகள், வலிப்பு மாத்திரை, ரொம்ப நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு, ஏன், தூக்க மாத்திரையைக்கூடப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் என்பது டாக்டர் வேலை. "உங்க வேலை, எல்லா அட்டையையும் ஒரே டாக்டர் முன்னால ஒரே நேரத்துல கொட்டறது. அதைக்கூட யாரும் செய்யறதில்லை" என்றார்.

கொட்டினோம். டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரம் கழித்து அப்பாவை கிண்டிக்கு அழைத்துப் போனேன். கிங் நிலைய வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. 200 படுக்கை. எலெக்ட்ரிக் டிரெயினில் கிண்டி, அங்கிருந்து ஒரு ஆட்டோ. பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததைப் பார்த்து, எதிர் சீட்டுக் குழந்தை கடைசி வரை பிஸ்கட்டுக்காகக் காத்திருந்தது.

பதினொரு மருந்து, இரண்டு மூன்று விசிட்டில், ஆறாகக் குறைந்தது. சர்க்கரைக்கு ஒரே மாத்திரை, அதுவும் வேறு. பிரஷர் மாத்திரையை மாற்றியதில் கால் வீக்கம் வற்றியது. நீர் மாத்திரை தானாகவே வேலை இழந்தது. தூக்க மாத்திரையைப் பாதி, கால் என்று குறைத்து நிறுத்தினார்கள். செட் போயிற்று, கேஸ் மாத்திரையும் போயிற்று.

அப்பாவுக்குச் சந்தோஷமா? கிடையாது. "டேய், அஞ்சு மாத்திரையைக் குறைச்சுட்டாங்களே... எனக்கு வயசாயிடுச்சு, இனிமே வைத்தியம் வேஸ்ட்டுன்னு நினைச்சுட்டாங்களா?" என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாலாவது நாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்காமல் விடியும்வரை தூங்கிவிட்டு, "பரவால்லை, படிச்ச பசங்கதான்" என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

அப்புறம் அவரே ஒரு காரியம் செய்தார். அட்டையைக் கத்தரித்து ஆறு பின் கார்டு போட்டார்! மேலே மருந்தின் உண்மைப் பெயர், கம்பெனிப் பெயர் இல்லை. கீழே எதற்கு, எந்த டாக்டர், எந்தத் தேதியிலிருந்து. அப்புறம் வந்தது, போனது, மிச்சம். கடைப் பையன் அட்டையை வெட்டிக் கொடுத்தால், "எக்ஸ்பயரி இருக்கற பக்கத்தை எனக்குக் குடு, மிச்சத்தை நீ வெச்சுக்கோ" என்கிறார். பெயர் படிக்க முடியாத பளபளா அட்டைகளுக்கு என் செல்போனைக் கேட்கிறார். 2023 ஆகஸ்ட்டிலிருந்து அதிகம் விற்கிற 300 பிராண்டுகளின் அட்டையில் க்யூ.ஆர். கோடு கட்டாயம் ஆகியிருக்கிறது. போனைக் காட்டினால் உள்ளே இருக்கிற மருந்தின் பெயர், பேட்ச், எக்ஸ்பயரி எல்லாம் வந்துவிடும். அப்பாவுக்கு அது புது விளையாட்டு. மாதக் கடைசியில் நான் ஆடிட் செய்து கையெழுத்துப் போட வேண்டும். போன மாதம் ஒரு மாத்திரை உதைத்தது. ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடி எடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம்.

இதையெல்லாம் கிச்சன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "உன்னோடதையும் கொண்டாம்மா, சேர்த்து எழுதிடலாம்" என்றேன்.

"எனக்கென்னடா? நான் ஒண்ணே ஒண்ணுதான் போடறேன், தைராய்டு."

"சரி, அதைக் கொண்டா."

அம்மா கொண்டு வந்தது ஒரு பழைய அஞ்சறைப் பெட்டி. கடுகு இருந்த அறையில் தைராய்டு. அதோடு சேர்த்து விழுங்கக்கூடாத, நாலு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டிய கால்சியம், அதே அறையில் பக்கத்திலேயே. சீரக அறையில் அப்பாவுக்கு நிறுத்தின கேஸ் மாத்திரை, "வீணாப் போகுமேன்னு" எடுத்து வைத்தது. வெந்தய அறையில் எதிர்வீட்டு மாமி கொடுத்த தூக்க மாத்திரை ஆறு.

அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்தார். "இன்னும் நாலு கார்டு வெட்டணும்டா."